முப்பத்தாறு ஃபிலிமில் நாற்பத்து மூன்று படம்

மரைன் ஹில்,
போர்ட் பிளேர்.

(ஊருக்குப் பேர் மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் பதில் எழுதும்போது பழைய பேரையே போடுங்கள். எங்கள் தபால்காரருக்கு இரண்டு பெயரும் தெரியும், ஆனால் பழைய பேரைப் பார்த்தால்தான் படியேறி வந்து கையில் கொடுப்பார்.)

மதிப்பிற்குரிய ரங்கத் சம்பந்தி திரு. ரவிச்சந்திரன் அவர்களின் சமூகத்துக்கு மரைன் ஹில் ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி வைஜெயந்தி, மகள் அகிலா, என் கேமரா ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை அஸ்வினும் தங்கள் ஹார்டுவேர் கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்பான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் சம்பந்தியம்மா தங்களிடமிருந்து போனை வாங்கிவிடுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதுவும் தவிர, முப்பத்தொரு வருஷம் துறைமுக ஆபீசில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கினவன் நான். நான் எழுதின கடிதத்துக்கு மறுகேள்வி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணே, மோதிரம் போட்டது ராகுகாலத்துல. போட்டோ வரட்டும். அதுல கடியாரத்தைப் பாத்து, பத்தரைக்கு முந்திதான்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் பத்திரிகை அடிக்கக் குடுப்போம். இல்லாட்டி இந்தச் சம்பந்தத்தையே யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். கல்யாணம் தை மாதம். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. வைஜெயந்தி அன்றிலிருந்து ரசத்துக்கு உப்புப் போட மறக்கிறாள். அகிலா போன் அடித்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். நான் மட்டும் துளிக்கூடக் கலங்கவில்லை. சம்பந்தியம்மாவின் நிபந்தனையை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். மோதிரம் ஏறும்போது மணி பத்து இருபத்தேழு. மாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது தாங்கள் சமுதாயக் கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த கடிகாரம். அதில் தங்கள் கடைப் பேரே எழுதியிருக்கிறது. படம் வந்ததும் முள் எங்கே நிற்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அது தங்களுக்குத்தான் அவமானம்.

படத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை என்று தெரிய வேண்டுமானால் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூற்று நாலில் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் ரேடியோ ஆபீசரிடம் ஒரு படாக் மர முக்காலியைக் கொடுத்து வாங்கின ஜப்பான் கேமரா இது. என்னைவிட இரண்டு வயது இளையது, என்னைவிடக் கெட்டி. ரேஞ்ச்ஃபைண்டர் என்று பேர். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எதைப் பார்த்தாலும் இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கிவந்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டின நொடியில் பட்டனை அமுக்க வேண்டியது. பாட்டரி கிடையாது, திரை கிடையாது, எடுத்த படத்தை உடனே பார்க்கிற பொறுமையில்லாத புத்தியும் கிடையாது. அகிலா பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் வகுப்பில் கபடிக் கோப்பை வாங்கினது வரை எல்லாம் இந்தக் கேமரா எடுத்ததுதான். அதன் பிறகு ஃபிலிம் கிடைக்காமல் போனது. அதனாலென்ன, இந்த ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பதினாறு வருஷமாக அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்துக் காப்பாற்றினேன். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையே ஆன்லைனில் ஒரு ரோல் வரவழைத்துக் கொடுத்தார். முப்பத்தாறு படம் எடுக்கும் ரோல். மாமனார் மனசு தெரிந்த பிள்ளை. தங்கள் வளர்ப்பு.

நிச்சயத்துக்கு முதல்நாள் நாங்கள் ரங்கத்துக்குப் பஸ்ஸில் வந்தது தங்களுக்குத் தெரியும். வழியில் செக்போஸ்டில் நடந்தது தெரியாது. பழங்குடியினர் காப்புப் பகுதி என்பதால் அங்கே படம் எடுக்கக்கூடாது, அது நியாயமான சட்டம், நானும் எடுப்பவன் இல்லை. வண்டிகள் வரிசை கட்டிப் போகும் கான்வாய் புறப்படுவதற்கு முன்னால் ஒரு இளவயசுப் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி எல்லார் மடியையும் பார்த்துக்கொண்டே வந்தார். என் மடியில் கேமரா. "ஏ க்யா ஹை, அங்கிள்?" என்றார். கேமரா என்றேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் கறுப்புத் தோல். "ஸ்க்ரீன் கிதர் ஹை?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தோ ஃபோட்டோ டிலீட் கைசே கரேகா?" என்றார். இதில் விழுந்த படத்தைக் கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கிலோனா ஹை, ரெஹ்னே தோ" என்று என் மடியிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார். பொம்மையாம்! வைஜெயந்தி என் தொடையைக் கிள்ளி, "பொம்மைன்னே இருக்கட்டும், வாய மூடிக்கிட்டு உக்காருங்க" என்றாள். உக்காருவேனா? கீழே இறங்கிப் பின்னாலேயே போய், கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடும் பாதையைக் காட்டி, காலிக் கேமராவை நாலு தடவை டிக் டிக்கென்று தட்டிக் காட்டி, இது அசல் கேமராதான் என்று அவர் ஒத்துக்கொள்ளும்வரை விடவில்லை. ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு அதைத் துணியில் சுற்றி, பாக்கிங் டேப் ஒட்டி, கண்டக்டரிடம் ஒப்படைத்து, ரங்கத் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பஸ் அன்றைக்குக் கான்வாயின் கடைசி வண்டியாகப் போனது. பஸ்ஸில் ஒருத்தர் முகமும் சரியில்லை. ஆனால் கேமராவின் மரியாதை காப்பாற்றப்பட்டது.

ரங்கத் லாட்ஜில் சாயங்காலம் டேப்பைக் கிழித்து ஃபிலிம் போட்டேன். முன்பெல்லாம் அபர்டீன் பஜார் ஸ்டுடியோக்காரரே போட்டுத் தந்துவிடுவார். அதனால் என்ன, அவர் போடுவதை நான் குறைந்தது நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் சில சமயம் ஒரு கறுப்புத் துணிப்பைக்குள் இரண்டு கையையும் விட்டு ஏதோ செய்வார். அந்தப் பை என்னிடம் இல்லாததால் லாட்ஜ் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே தடவித் தடவிப் போட்டேன். ஃபிலிமுக்கு வெளிச்சம் ஆகாது என்பது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். வைஜெயந்தி வெளியிலிருந்து, "ஏங்க, வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற ஃபிலிம் வால்ல வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாதாம், அகிலா யூடியூப்ல பாத்துச் சொன்னா. சக்கரத்துப் பல்லுல மாட்டுதான்னு கண்ணால பாத்துப் போடுங்க" என்றாள். கேமரா வாங்கினபோது யூடியூப் எங்கே இருந்தது என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கூடத்து வாசலில் நான் வைத்த மூங்கில் கூடையைப் பற்றித் தங்கள் பக்கத்து உறவினர்கள் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்வி. இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கிறவர் யாருமில்லை, ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்க்கிறார்கள். அதனால்தான் கூடைக்கு மேலே என் கைப்பட எழுதி ஒட்டினேன்: "போனை இங்கே வைக்கவும். மணமக்களைக் கண்ணால் பார்க்கவும். படம் எடுக்க நான் இருக்கிறேன்." அறுபத்தொரு போன் விழுந்தது. சம்பந்தியம்மா மட்டும் கொஞ்சம் தயங்கினார், "ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் முந்தி அடிக்கட்டும்னு அலாரம் வச்சிருக்கேன் அண்ணே" என்றார். நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிப் போட்டேன். அந்த அலாரம் சரியாகப் பத்து இருபதுக்கு அடித்ததாகவும், மேலே அறுபது போன் கிடந்ததால் யாருக்கும் கேட்கவில்லை என்றும் இப்போது சொல்கிறார். அடித்ததா இல்லையா என்பது கூடைக்குத்தான் தெரியும்.

குரூப் போட்டோவுக்கு நேரமானதற்கும் நான் காரணமில்லை. அரிசி டப்பாவில் இருந்த கேமரா இல்லையா, ஒரு வண்டு எப்படியோ அதன் ஜன்னலுக்குள் குடியேறியிருந்தது. அது வண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. முதலில் தங்கள் சித்தப்பா மூக்கின் மேல் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. துடைக்கச் சொன்னேன், துடைத்தார், போகவில்லை. மூன்றாம் தடவை துண்டால் மூக்குச் சிவக்கிற அளவு துடைத்தார். அது நகர்ந்து சம்பந்தியம்மா நெற்றிக்குப் போனது. "சம்பந்தியம்மா, உங்க பொட்டு நகந்து போகுது" என்றேன். அவர் எடுத்து எடுத்து மூன்று தடவை ஒட்டினார். கடைசியில் அது ஐயர் தலைமேல் ஏறி மேலே பறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சபையில் எல்லாரும் சிரித்தார்கள். தங்கள் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மூக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்போது மோதிரம். லக்னப் பத்திரிகை வாசித்து, தாம்பூலத் தட்டு மாற்றி முடிந்தபோது மணி பத்தேகால். அதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை மோதிரத்தை அகிலா விரல் நுனிவரை கொண்டுவந்தார். "அப்படியே நில்லுங்க!" என்று சொல்லி ஜன்னலில் கண்ணை வைத்தேன். சரியாக அப்போது கரண்ட் போனது. இருட்டில் படம் விழாது என்பதால் கூடத்து ஜன்னல் கதவுகளைத் திறக்கச் சொன்னேன், வெளிச்சம் குறைவு என்பதால் மூச்சை அடக்கச் சொன்னேன், இரண்டும் செய்தார்கள். மாப்பிள்ளை, "மாமா, கை மரத்துப் போச்சு" என்றார். ஐயர், "நேரம் ஆறது, நேரம் ஆறது" என்றார். ஐயர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். மாப்பிள்ளையின் கை நடுங்கியதால்தான் கட்டத்துக்குள் இரண்டும் சேர மறுத்தனவே தவிர என் பக்கம் தாமதமே கிடையாது. நான் எடுத்துக்கொண்டதெல்லாம் மிஞ்சிப்போனால் இரண்டு நிமிஷம். சேர்ந்தது, அமுக்கினேன், மோதிரம் ஏறியது, பத்து இருபத்தேழு. கைக்கடிகாரம் கட்டியிருந்த மூன்று பேரைத் தாங்கள் விசாரித்தீர்கள், மூன்று பேரும் மூன்று மணி சொன்னார்கள். அதனால்தான் சொல்கிறேன், மனுஷனை நம்பாதீர்கள், ஃபிலிமை நம்புங்கள்.

அன்றைய தினம் கேமரா எவ்வளவு ஒத்துழைத்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். முப்பத்தாறு படம் ரோல் என்றேன் அல்லவா? எண் காட்டும் முள் முப்பத்தாறைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது! சாப்பாட்டுப் பந்தியையும் எடுத்தேன், பாயசத்தையும் எடுத்தேன், நாற்பத்து மூன்றில் நானாகத்தான் நிறுத்தினேன். அந்தக் காலத்துச் சாமான், கையில் தாராளம். இன்னொன்று, இடது பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது, முன்பெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் அது லேசாகச் சுற்றும். அன்றைக்கு ஆடாமல் அசையாமல் நின்றது. அவ்வளவு நிதானமான கை. ஃபிலிமைத் திரும்பச் சுற்றி வெளியே எடுத்தால், வால்கூடப் புத்தம்புதுசு போல அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. கசங்கல் இல்லை, கீறல் இல்லை. ஸ்டுடியோக்காரர் எடுத்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வராது.

இங்கே இப்போது யாரும் ஃபிலிம் கழுவுவதில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். விமானத்தில் அனுப்பினால் எக்ஸ்ரே மெஷினில் ஃபிலிம் கெட்டுப்போகும் என்று பயம். ஆகவே குட்வில் எஸ்டேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் அலி அக்பர் பாய் சரக்கு எடுக்கச் சென்னைக்குக் கப்பலில் போகும்போது கொடுத்தனுப்பினேன். கடல் சரியில்லை என்று கப்பல் இரண்டு தடவை தள்ளிப்போனது, அதனால்தான் தங்களுக்கு இவ்வளவு நாள் காத்திருப்பு. கப்பல் ஏறும் துறையிலும் ஒரு மெஷின் இருக்கிறது. பாய் அதில் டப்பாவைப் போட மாட்டேன் என்று கையிலேயே பிடித்துக்கொண்டார். "இஸ்மே க்யா ஹை?" என்று காவலர் கேட்க, பாய் பதட்டத்தில், "ஷாதி ஹை", கல்யாணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். "டப்பே மே ஷாதி?" என்று அந்த ஆள் மூடியைத் திறந்து, நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பிடித்து இழுக்கப் போயிருக்கிறார். "அத இழுத்தா ஒரு பொண்ணு கல்யாணம் நின்னுடும் சாப்" என்று பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பாய் வீட்டில் மூன்று பெண்கள், அவருக்கு இந்த அருமை தெரியும். மூன்று நாள் சமுத்திரத்திலும் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே தூங்கினார். இப்போது சென்னையில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். இன்றோ நாளையோ கழுவிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. தங்கள் சித்தப்பா புதிதாக ஒரு கட்சி ஆரம்பித்திருக்கிறாராம். அந்தமானில் சூரியன் மெயின்லாண்டைவிட முக்கால் மணி நேரம் முந்தியே உதிக்கிறது, ராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கு, ஆகையால் இங்கே வெள்ளிக்கிழமை ராகுகாலம் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடும், காலண்டரில் இருப்பது சிவகாசி ராகு என்கிறாராம். தயவுசெய்து அவரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அந்தக் கணக்குப்படி போனால் தங்கள் கல்யாணம், என் கல்யாணம், இந்தத் தீவுகளில் அறுபது எழுபது வருஷமாக மெயின்லாண்டு காலண்டர் பார்த்து நடந்த அத்தனை தமிழ்க் கல்யாணத்தையும் திரும்ப நடத்த வேண்டிவரும். மண்டபம் எங்கே இருக்கிறது? நமக்குக் காலண்டர் போதும், பத்தரை போதும். பத்து இருபத்தேழு அதற்கு மூன்று நிமிஷம் முந்தி.

ஆகவே பத்திரிகையைத் தைரியமாக அச்சுக்குக் கொடுக்கலாம். படங்கள் வந்ததும் பெரிசாகப் போட்டு, சட்டம் கட்டி, நானே கொண்டுவந்து சம்பந்தியம்மா கையில் கொடுப்பேன். அவர் தம் வாயால் "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு தடவை சொன்னால் போதும், வேறு சீர் எதுவும் எதிர்பார்க்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதை கலந்த வணக்கம். மாப்பிள்ளைக்கும் அவர் கைக்கும் என் ஆசி. தங்கள் கடை பெருகவும், தங்கள் கடிகாரம் நீடூழி ஓடவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
ராஜமாணிக்கம்.

பின்குறிப்பு: மேலே கண்டதை உறையில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அலி அக்பர் பாய் சென்னையிலிருந்து போன் பண்ணினார். "மாணிக்கண்ணே, நின்னுக்கிட்டு இருக்கீங்களா, உக்காந்து இருக்கீங்களா?" என்றார். படியிலேயே உட்கார்ந்தேன். போனைக் கடைக்காரரிடம் கொடுத்தார். "சார், ரோல் சுத்தமாக் காலி. ஃபிலிமோட வால் பல்லுல மாட்டவே இல்ல. நீங்க லீவரைத் தள்ளத் தள்ள வெறும் சக்கரம்தான் சுத்தியிருக்கு, ஃபிலிம் டப்பாவுக்குள்ளயே தூங்கியிருக்கு. அதான் நாப்பத்து மூணு. விட்டிருந்தா நானூறுகூட எடுத்திருப்பீங்க" என்றார். ஒரு படம் கூடவா இல்லை என்று கேட்டேன். ஒரு புள்ளிகூட இல்லை என்றார்.

யோசித்துப் பாருங்கள் சம்பந்தி. இனிமேல் உலகத்தில் யாரிடமும் ஆதாரம் கிடையாது. பத்து இருபத்தேழு என்று நான் சாகிறவரை சாதிக்கலாம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. படியில் உட்கார்ந்திருந்த அரை நிமிஷம் எனக்கு அந்தச் சந்தோஷம்கூட இருந்தது, மறைக்கவில்லை. அதற்குள் அகிலா வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "படம் இல்லாட்டிப் போகுதுப்பா. நீங்க அந்த ஜன்னல் வழியா எங்களைப் பாத்துக்கிட்டேதான இருந்தீங்க? மணி என்னன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அவள் என்னிடம் நேராகக் கேட்டுவிட்டால் எனக்குப் பொய் வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மணி பத்து முப்பத்தாறு. சம்பந்தியம்மா சொன்னதுதான் சரி. இதை எழுதத்தான் ஒட்டின உறையைக் கிழித்தேன்.

மாப்பிள்ளை கை நடுங்கவில்லை. கேமரா மேலயும் குத்தமில்ல. அந்தக் கட்டத்துக்குள்ள எனக்கு ரெண்டு அகிலா தெரிஞ்சா. வளையத்தை ஒரு திருகு திருகினா ஒண்ணாயிடுவா. ஒண்ணானா பட்டனை அமுக்கணும், அமுக்கினா மோதிரம் ஏறிடும், ஏறிட்டா அவ உங்க வீட்டுப் பொண்ணு. நடுவுல ஒரு தடவ சேந்தே போச்சு சம்பந்தி, நான்தான் வேணும்னே திருப்பிப் பிரிச்சேன். அதுக்கப்புறம் கண்ணுல தண்ணி வந்து நின்னுக்கிச்சு, எதை எங்க திருகினாலும் ரெண்டாவேதான் தெரிஞ்சுது. கரண்டு, மூச்சு, வெளிச்சம்னு நான் சொன்னதெல்லாம் அதுக்குத்தான். கடியாரத்தை மட்டும் நல்லாப் பாத்தேன். முள்ளு பத்தரையைத் தாண்டினதையும் பாத்தேன். வாயைத் திறக்கல.

நிச்சயத்தைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். சம்பந்தியம்மா நாள் குறிக்கட்டும், சிவகாசி ராகுவோ அந்தமான் ராகுவோ எந்த ராகுவும் இல்லாத நேரமாக அவரே பார்க்கட்டும், நாங்கள் முதல்நாளே வந்துவிடுகிறோம். செலவு என்னுடையது. கூடை கொண்டுவர மாட்டேன். கேமரா கொண்டுவருவேன், இந்தத் தடவை அகிலாதான் ஃபிலிம் போடுவாள், பட்டப்பகலில். ஆனால் மோதிரம் போடும்போது அது என் கழுத்தில்தான் தொங்கும். மணமக்களைக் கண்ணால் பார்க்கவும் என்று எழுதி ஒட்டினவனே பார்க்காமல் விட்டுவிட்டேன், அதையாவது பார்த்துவிடுகிறேன்.

சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள், போன் அவர் கையிலேயே இருக்கட்டும். அலாரத்தை மட்டும் நல்ல சத்தமாக வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கும் நான் நேரம் கடத்தினாலும் கடத்துவேன்.